பால் சங்க மென்பொருள்: கேட்க மறக்கும் கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மென்பொருள் எழுத வருவோர் லிட்டர், விலை, தொகை என்று மூன்று கட்டங்களோடு திரும்பிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, விலை லிட்டருக்கா கிலோவுக்கா என்பதை. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. கிலோ விலையில் 100 லிட்டரை 100 கிலோ என்று பதிந்தால், 3 கிலோவுக்கான காசு மாடு வளர்ப்பவருக்குப் போய்ச் சேராது. பாலின் கொழுப்பு 4.05 சதவீதம் வந்தால் பதிவது 4.0 ஆ, 4.1 ஆ? பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் அளவை எந்த வெப்பநிலைக்குத் திருத்துவது? மின்சாரம் போனபோது கையால் எழுதியதைப் பிறகு யார் ஏற்றலாம்? செயலாளர் அறையில் உட்கார்ந்து கேட்டால் இவை வாயில் வராது. விடியற்காலையில் பால் ஊற்றும் வரிசையருகே நிற்க வேண்டும். பழைய பேரேட்டின் அடித்தல் திருத்தங்களையும் புரட்ட வேண்டும். விதிவிலக்கெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
பால் சங்கக் கணக்காளர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்