பூனைக்கும் எலிக்கும் வசனம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதங்கள் பகுதியில் ஒரு வாசகர், பழைய டாம் அண்ட் ஜெர்ரி படங்களுக்குத் தமிழில் பேச்சு சேர்த்துப் போடுவதைப் பாராட்டியிருந்தார். அப்படிச் செய்தால் குழந்தைகள் இன்னும் நன்றாக ரசிக்கிறார்கள் என்றும், தமிழில் வசனம் இருந்தால்தான் அவர்களுக்குப் புரியும் என்றும் எழுதியிருந்தார். அவருடைய தமிழ் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது வருடமாக வீட்டில் வயலின் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்தப் படங்களில் பேச வேண்டியதையெல்லாம் வாத்தியங்களே பேசிவிடுகின்றன என்பதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னதாகவே வந்துவிட்ட ஒன்பது வயது மாணவி ஒருத்தி, திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் செல்போனில் ‘தி கேட் கான்செர்டோ’ பார்த்துக்கொண்டிருந்தாள். டாம் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறி, ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடியைப் பியானோவில் வாசிக்கிற படம். யாரோ அதற்குத் தமிழ்ப் பேச்சு சேர்த்திருந்தார்கள். ‘டேய், என் கச்சேரியைக் கெடுக்காதடா’, ‘முடிஞ்சா புடிச்சுப் பாரு’ என்று இரண்டு குரல்கள் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தன. பியானோ எங்கோ அடியில் கொசு மாதிரி கேட்டது. எனக்கு மனசே ஆறவில்லை.

அசல் படத்தைத் தேடி எடுத்து, ஒலியைக் கூட்டி வைத்து, அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஓர் இடம் வரும். ஜெர்ரி பியானோவின் சில வெள்ளைக் கட்டைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எலிப்பொறியை வைத்துவிடும். டாமுக்குத் தெரியாது. அதன் விரல்கள் பொறிக்கு இந்தப் பக்கம் வாசிக்கும், அந்தப் பக்கம் வாசிக்கும், நடுவில் மட்டும் படாது. இதோ படப்போகிறது என்று நாம் நினைக்கும்போதெல்லாம் தப்பித்துவிடும். சரி, இனி மாட்டாது என்று மூச்சு விடுகிற நேரத்தில் பொறி விழும். அந்த மாணவி தன்னை அறியாமலே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பொறி விழுந்ததும் ‘ஐயோ’ என்று தன் விரலை மடக்கிக்கொண்டாள். முன்பு வசனத்தோடு பார்த்தபோது அந்த இடத்தில் அவள் சிரிக்கக்கூட இல்லை. எப்படிச் சிரிப்பாள்? பொறி விழுவதற்கு முன்பே ஒரு குரல் ‘மாட்டப்போற பாரு’ என்று சொல்லி முடித்துவிட்டதே.

எங்கள் சங்கீதத்தில், பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதை எடுப்பு என்போம். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், ஆரம்பிக்காமல் ஓர் இடம் தள்ளி எடுத்தால் அந்தக் காத்திருப்பிலேயே ஒரு சுகம் உண்டு. இந்தப் படங்களைச் செய்தவர்களுக்கு அந்த ரகசியம் கைவந்திருந்தது. ஜோசப் பார்பரா கதையையும் சேட்டைகளையும் வரைந்து கொடுப்பார். வில்லியம் ஹானா எந்த அடி எத்தனையாவது சட்டகத்தில் (ஃபிரேமில்) விழ வேண்டும் என்று கணக்குப் போடுவார். விநாடிக்கு 24 சட்டகங்கள் என்றால், ஏழு நிமிடப் படத்துக்கு 10,000-க்கும் மேல். அந்தக் கணக்குக்கு ஸ்காட் பிராட்லி இசை எழுதுவார். ஜெர்ரி நுனிக்காலில் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஸ்வரம் விழும். 1944-இல் வந்த ‘புட்டின் ஆன் தி டாக்’ படத்தில், அன்றைக்குக் கச்சேரி அரங்குகளிலேயே பலருக்குப் பிடிபடாமலிருந்த, பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சம இடம் கொடுக்கும் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் முறையை அவர் கையாண்டிருக்கிறார். எலிக்கும் பூனைக்கும்தானே என்று அவர் ஒரு ஸ்வரத்தைக்கூட அலட்சியமாகப் போடவில்லை.

டாமின் அலறலைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது ஹானாவின் சொந்தக் குரல். அவர் அலறியதைப் பதிவுசெய்து, தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு, நடுவில் உச்சத்தில் இருக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அதனால்தான் அது எங்கிருந்தோ வந்து, சட்டென்று நின்றுவிடுகிறது. எண்பது வருடம் கழித்தும் கேட்டவுடன் சிரிப்பு வருகிறது.

1990-களின் கடைசியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது, கார்ட்டூன் நெட்வொர்க்கில் மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். எங்கள் பாட்டிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் டாம் அண்ட் ஜெர்ரி போட்டால் மட்டும் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவாள். ‘அந்தக் கட்டையில போறவன் திருந்தவே மாட்டான்’ என்று பூனையைத் திட்டிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அவளுக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. தமிழில் வசனம் இருந்தால்தான் நம் குழந்தைகளுக்குப் புரியும் என்று அந்த வாசக நண்பர் எழுதியிருப்பதற்கு, என் பாட்டியைத்தான் பதிலாகச் சொல்வேன்.

இன்னொரு படம், 1945-இல் வந்த ‘குவையட் ப்ளீஸ்’. தூக்கம் கெட்டுப்போன நாய், இனி ஒரு சத்தம் கேட்டாலும் தொலைத்துவிடுவேன் என்று டாமை மிரட்டிவிட்டுப் படுத்துவிடும். ஜெர்ரிக்குக் கொண்டாட்டம். அது சத்தம் எழுப்பப் பார்க்கும், டாம் ஓடி ஓடி அதை அடக்கும். ஜெர்ரி துப்பாக்கியை எடுத்தால், டாம் குழலுக்குள் தன் விரலையே செருகிவிடும். படம் முழுக்க நகைச்சுவை எங்கே இருக்கிறது? சத்தம் வரக்கூடாதே என்ற தவிப்பில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு குரலைக் கொண்டுவந்து ஓயாமல் பேச வைத்தால் என்ன மிஞ்சும் என்று நண்பர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக ஹானாவும் பார்பராவும் செய்து, 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்களில் ஏழு ஆஸ்கர் வாங்கின. பரிசு தயாரிப்பாளர் ஃபிரெட் க்விம்பியின் கைக்குப் போனது. இசையமைத்த பிராட்லியின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது பெரிய குறை. 1957-இல், பழைய படங்களையே திரும்ப ஓட்டினால் போதும், கிட்டத்தட்ட அதே வருமானம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, எம்ஜிஎம் அந்தக் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. அப்புறம் வேறு பலர் அதே பூனையையும் எலியையும் வைத்துப் படம் எடுத்தார்கள். 1975-இல் தொலைக்காட்சிக்காக இரண்டையும் நண்பர்களாக்கி, ஜெர்ரிக்கு ஒரு போ டையும் கட்டிவிட்டார்கள். அடிதடி கூடாது என்று சொல்லித் துரத்தலையே எடுத்துவிட்டார்கள். அதில் உயிர் இல்லை.

இந்தப் படங்களில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணை முகம் காட்டாமல் வெறும் காலும் கனத்த பேச்சுமாகக் காட்டியதும், வெடி வெடித்ததும் முகத்தில் கரி பூசி அதைக் கறுப்பினத்தவரின் தோற்றமாகக் கேலியாக்கியதும் தவறு. அமெரிக்காவில் அன்றைக்கே எதிர்ப்பு எழுந்தது. பிற்காலத்தில் சில படங்களில் அந்தப் பெண்ணின் உருவத்தையும் குரலையும் மாற்றிக்கூடப் பார்த்தார்கள். என் மாணவர்களோடு பார்க்கும்போது அந்த இடம் வந்தால் நிறுத்தி, இது ஏன் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்கிறேன். குழந்தைகளுக்கு அது நன்றாகவே புரிகிறது. அடிதடியைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று பயப்படுகிறவர்களும் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

தமிழில் குழந்தைகளுக்குப் படங்கள் வேண்டும் என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. தமிழ்க் குரல் கொடுக்கும் கலைஞர்கள் எத்தனையோ வெளிநாட்டுத் தொடர்களை நம் வீட்டுக் கதை போலவே ஆக்கியிருக்கிறார்கள். வசனம் உள்ள படங்களுக்கு அவர்கள் தாராளமாகப் பேசட்டும். நம் குழந்தைகளுக்கென்று நம் ஊர்க் கதைகளில் புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கும் நல்ல கூலியும் நல்ல வாய்ப்பும் கிடைக்கட்டும்.

ஆனால் இந்தப் பழைய குறும்படங்களை ஒளிபரப்புகிறவர்களிடமும் இணையத்தில் ஏற்றுகிறவர்களிடமும் உங்கள் இதழ் வழியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பேச்சு சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், அசல் ஒலியையும் ஒரு தெரிவாகக் கூடவே கொடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பெயருக்குப் பக்கத்தில் ‘தமிழ்’ என்று போட்டிருப்பதைத் தொடுவதற்கு முன்னால், ஒரு தடவை அசலைப் போட்டுக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். உங்கள் சிறுவர் பக்கத்தில் ஸ்காட் பிராட்லியைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன். அந்த மாணவி போன வாரம், ‘டீச்சர், அந்தப் படத்துக்கு மியூசிக் போட்டது யாரு?’ என்று கேட்டாள். அவர் பெயரை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிக்கக் கொடுப்பதற்குத் தமிழில்தான் என்னிடம் எதுவும் இல்லை.

அன்புடன்,
ஒரு வயலின் ஆசிரியை,
கும்பகோணம்.