ராம் வாங்கும் முன் ஒரு வரியைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் இணைப்பில் சென்ற வாரம் பழைய கம்ப்யூட்டர் திணறுவதைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ராமை (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நினைவகம்) கூட்டுங்கள், புதுசு போல ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி தெரியாமல் கடைக்குப் போனால் காசுதான் போகும்.

எங்கள் தெருவில் வீட்டிலேயே பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் டைப் செய்து கொடுக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய சிஸ்டத்தில் 4 ஜிபி ராம் இருந்தது. ஒரு கடையில் இன்னொரு 4 ஜிபியைச் செருகி, எட்டு ஆகிவிட்டது என்று சொல்லி பில்லும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பயன்படுத்த முடிவது 3.25 ஜிபி என்று காட்டுகிறது, முன்னாடியும் அதேதான் காட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, மதர்போர்டு வீக்கா இருக்கு, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க என்றார்களாம். மதர்போர்டுக்கு ஒரு கேடும் இல்லை. அதில் ஓடிக்கொண்டிருந்தது 32 பிட் விண்டோஸ், அவ்வளவுதான் விஷயம்.

32 பிட் விண்டோஸ் ராமில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் 32 பிட் நீளமுள்ள, அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 32 சேர்ந்த ஒரு முகவரியை வைத்துத்தான் தேடிப் போகிறது. அந்த நீளத்தில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தமே 429 கோடி சொச்சம். அதுதான் 4 ஜிபி. கிராபிக்ஸ் போன்றவற்றுக்கும் அதே முகவரிகளிலிருந்து ஒரு பங்கு போய்விடுவதால் கையில் மிஞ்சுவது மூன்று, மூன்றரை. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், எனக்கு இது பின்கோடு மாதிரிதான் படுகிறது: ஆறு இலக்கத்தில் எழுத முடிகிற எண்கள் எல்லாம் தீர்ந்த பிறகு புதிதாக எத்தனை ஊர் முளைத்தாலும் அங்கே தபால் போகாது. விவரம் தெரிந்தவர்கள், முகவரியை 32 பிட்டைவிட நீளமாக்கும் பிஏஇ என்று ஒரு வழி உண்டே என்று கேட்பார்கள். உண்டு, 32 பிட் சர்வர் விண்டோஸ் சிலவற்றில் அதை வைத்து 4 ஜிபியைத் தாண்டினார்கள். ஆனால் வீட்டுக்கு விற்ற விண்டோஸில் பல டிரைவர்கள் (கருவிகளை விண்டோஸோடு இணைக்கும் சிறு மென்பொருள்கள்) அங்கே குழம்பியதால் மைக்ரோசாப்ட் நாலோடு நிறுத்திக்கொண்டது. 64 பிட்டுக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, விண்டோஸ் 10 ஹோமே 128 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும்.

இதில் எரிச்சலான சங்கதி என்னவென்றால், பெரும்பாலான வீடுகளில் ப்ராசஸர் ஏற்கெனவே 64 பிட்தான். ஏஎம்டி 2003இலேயே அத்லான் 64ஐ வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்துவிட்டது, அடுத்த வருடமே இன்டெல்லும் பின்னால் வந்தது, 2006இல் வந்த கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான். அப்புறம் ஏன் 32 பிட் போட்டுக் கொடுத்தார்கள் என்றால், என் கணிப்பில் பழக்கதோஷம். கடையில் ஒரு சிடி இருக்கும், எல்லா மெஷினிலும் ஏறும், எல்லா பிரிண்டரும் வேலை செய்யும், அதையே போட்டு அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவரும் கேட்டதில்லை.

கேட்க வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். திஸ் பிசி மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போனால் சிஸ்டம் டைப் என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்’ என்று இருந்தால் மெஷின் தயார், விண்டோஸ்தான் தடை. எக்ஸ்86 பேஸ்டு என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் 64 ஏறாது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் 64க்கு ஓட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி ராம்தான் இருக்கிறது, கூட்டுகிற உத்தேசமும் இல்லை என்றால் 32 பிட்டே இருக்கட்டும். 64 பிட்டில் ஒவ்வொரு முகவரியும் இரண்டு மடங்கு நீளம், அதனால் அதே வேலைக்கு ராம் கூடுதலாகச் செலவாகும், சிஸ்டம் இன்னும் மந்தமாகத்தான் போகும். அப்புறம் மதர்போர்டையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஊரெல்லாம் அசெம்பிள் செய்து தள்ளிய ஜி31 சிப்செட் மதர்போர்டுகள் பெரும்பாலும் 4 ஜிபிதான் ஏற்கும், அப்படிப்பட்டதில் எந்த விண்டோஸைப் போட்டாலும் எட்டு வராது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் கம்ப்யூட்டர் என்றால் 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான், அதற்கும் இதே கணக்குப் பார்த்த பிறகே ராம் வாங்கப் போக வேண்டும்.

சரி, மாற்றலாம் என்று முடிவு செய்துவிட்டால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது அப்டேட் இல்லை. 32 பிட்டின் மேலேயே 64 பிட்டை ஏற்றி, இருக்கிற புரோகிராம்களை அப்படியே வைத்துக்கொள்ள வழி கிடையாது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து சி டிரைவைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும், வேர்டு, டேலி எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், அதில் விண்டோஸை ஏற்றித் தரும் மைக்ரோசாப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கலாம். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றது என்று அதுவே போட்டிருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, நீங்களாக 64 பிட்டைத் தேர்வு செய்யவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி 32ஐயே கொடுத்துவிடும்.

கடைக்காரர்கள் இங்கேதான் ஒரு பொய் சொல்கிறார்கள், 64 பிட்டுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று. வேண்டாம். முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 ஹோம் என்றால் அதே ஹோம் எடிஷனை 64 பிட்டில் போடுங்கள், கீ கேட்கும்போது இல்லை என்று தாண்டிவிடுங்கள், நெட் கிடைத்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். கிராக் போட்டுத் தருகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அதோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்று அவருக்கே தெரியாது.

துடைப்பதற்கு முன்னால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளியே எடுத்து வைக்க எல்லோரும் சொல்வார்கள். தமிழில் வேலை செய்கிறவர்கள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்து வைக்க வேண்டும், அதை யாரும் சொல்வதில்லை. எங்கள் தெருத் தம்பியின் வினாத்தாள்கள் எல்லாம் யுனிகோடு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) வருவதற்கு முன்னால் புழங்கிய பழைய எழுத்துருக்களில் இருந்தவை, ஃபான்ட் இல்லாமல் திறந்தால் கடித்துத் துப்பியது போல ஆங்கில எழுத்துக்குவியலாகத் தெரியும். எழுத்துரு என்பது 64 பிட்டிலும் அப்படியே வேலை செய்யும், அதில் பயம் இல்லை. தட்டச்சு மென்பொருளில்தான் கவனம் தேவை. பழையவற்றில் சில, 32 பிட் புரோகிராம்களுக்குள் எழுதும், 64 பிட் வேர்டுக்குள் எழுதாது. டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவி போன்ற சிறு கருவி) செருகி ஓட்டுகிற டிடிபி, அதாவது பக்க வடிவமைப்பு மென்பொருள் என்றால் அந்த டாங்கிளுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கவலையில்லை, 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10க்குள்ளேயே, ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும் தமிழ் ஒலியியல் விசைப்பலகை இருக்கிறது.

டிரைவர் விஷயம் ஸ்கேனருக்கும் பிரிண்டருக்கும் அதேதான். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரைத் தொடவே தொடாது. கம்பெனி தளத்தில் 64 பிட் டிரைவர் இருந்தால் இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அந்த ஸ்கேனர் அலமாரிக்குத்தான். விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துப் புரோகிராம்களும் ஓடாது. சீட்டுக் கணக்கை இன்னும் கறுப்புத் திரையில் எழுதுகிற பெரியவர்களும், டர்போ சியின் நீலத் திரையில் புரோகிராம் எழுதப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதற்குள் ஓட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும்: விண்டோஸ் 10க்கே ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதே, இனி எதற்கு இந்த வேலை? நியாயமான கேள்விதான். விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன ப்ராசஸர் வேண்டும், நம் வீட்டுப் பழைய பெட்டிகளில் அது முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டால் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்குப் பிறகு என் யோசனை, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான், அதற்கும் 64 பிட் ப்ராசஸர் இருந்தால்தான் வசதி. லினக்ஸ் வகைகளில் உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டாப்பைக் கைவிட்டுவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13உம் பழைய 32 பிட் கணினிகளில் போடுவதற்கு இல்லை.

அப்டேட் நின்ற சிஸ்டத்தில் டைப் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், பிள்ளைகள் படம் வரையட்டும். நெட் பேங்கிங் மட்டும் அதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
திருநகர், மதுரை.