பக்கி வண்டியின் சட்டம்: வண்ணத்துக்கு முந்தைய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காகக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய பக்கி வண்டியைப் பற்றித் தங்கள் நாளிதழில் படத்துடன் வெளியான செய்தியைப் படித்தேன். எஞ்சின், சஸ்பென்ஷன், ஆன செலவு எல்லாம் இருந்தது. ஆனால் படத்தில் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் கறுப்புக் குழாய்ச் சட்டம்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோவை கணபதியில் பவுடர் கோட்டிங், அதாவது வண்ணப் பொடியை மின்னூட்டி இரும்பில் ஒட்டவைத்து அடுப்பில் உருக்கிப் படலமாக்கும் வேலையை, ஜாப் ஒர்க்காகச் செய்யும் பட்டறை நடத்துகிறவன் என்ற உரிமையில் அந்த வரியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 2007இல் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்காக நம் ஊர்க் கல்லூரிகளும் இத்தகைய வண்டிகளைக் கட்டுகின்றன. மாணவர்களின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் விழித்துக் குழாய் வளைத்து வெல்டிங் வைக்கிறார்கள். ஆனால் அவர்களின் கால அட்டவணையில் வண்ணத்துக்கு ஒதுக்கியிருப்பது லாரி ஏற்றுவதற்கு முந்தைய நாள். “அண்ணா, நாளைக் காலையில் வேண்டும்” என்று சட்டத்தை இறக்கிவிட்டுப் போகிறார்கள். பவுடரை அடிப்பது அரை மணி நேர வேலை, அடுப்பில் வேகவைப்பது இன்னும் சிறிது நேரம், அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. அது சரியான கணக்குதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் அதில் விடுபட்டிருக்கிறது.

முதலில் வெல்டிங். கம்பி தானாக ஊட்டப்படும் மிக் (MIG) முறையில் வெல்டிங் வைத்தால் இணைப்பைச் சுற்றிப் பொறி தெறித்து உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் மேட்டின் மீதே பழுப்பு நிறத்தில் கண்ணாடித் துணுக்குபோல ஒரு படிவு உட்கார்ந்திருக்கும். அது சிலிக்கா. மின்சாரம் கடத்தாது, பவுடர் நன்றாகப் பிடிக்க நாங்கள் முதலில் ஏற்றும் பாஸ்பேட் படலத்தையும் ஏற்காது. அதன் மீது பூசிய பவுடர் சில மாதங்களில் அதோடு சேர்ந்தே கழன்று விழும். துரு அந்த இடத்தில்தான் புறப்படும். உளியாலும் கம்பி பிரஷ்ஷாலும் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் சட்டத்தை எங்களிடம் கொண்டுவர வேண்டும்.

ஆனால் சில மாணவர்கள் இதைவிட ஒரு படி மேலே போய்விடுகிறார்கள். இணைப்பு அழகாகத் தெரிய வேண்டுமென்று வெல்டிங் மேட்டையே கிரைண்டரால் ராவி மட்டமாக்கி, பள்ளத்துக்குப் பட்டி பூசிக் கொண்டுவருகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சட்டம் உருண்டால் உள்ளே இருக்கும் ஓட்டுநரின் தலையைக் காப்பது அந்த மேடுதான். ராவியதும் இணைப்பின் பலம் குறைந்துபோகும். பட்டியோ, கார் பட்டறையில் பூசும் சாதாரணப் பட்டியாக இருந்தால், எங்கள் அடுப்பின் 200 டிகிரியில் கருகி ஊதிக்கொள்ளும். மின்கடத்தாத அந்த இடத்தில் பவுடரும் சரியாகப் பிடிக்காது. கோணலான வெல்டிங் கோணலாகவே தெரியட்டும். பார்த்துத் திருத்த ஒருவராவது இருப்பார்.

அடுத்தது குழாய்க்குள் இருப்பது. கடையிலிருந்து வரும் குழாயின் உட்புறம் எண்ணெய் இருக்கும். இரு முனையையும் வெல்டிங் வைத்து மூடிவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். நாங்கள் சட்டத்தை எண்ணெய் நீக்கும் தொட்டி, துரு நீக்கும் அமிலத் தொட்டி, பாஸ்பேட் தொட்டி என்று வரிசையாக முக்கி எடுப்போம். வெல்டிங்கில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அமிலம் உள்ளே போய்விடும், வெளியே வராது. அடுப்பில் சூடேறும்போது அது ஆவியாகி அதே துளை வழியே பீறிட்டு, அப்போதுதான் உருகிக்கொண்டிருக்கும் பவுடரில் கொப்புளம் போடும். பிறகு பழுப்புக் கோடாக வழியும். “உங்கள் கோட்டிங் சரியில்லை” என்று வாடிக்கையாளர் சொல்வது இதைத்தான். அதனால் நன்றாக மூடிய குழாய்ச் சட்டங்களை நான் தொட்டியில் இறக்குவதில்லை. எஃகுத் துகளை வேகமாக வீசியடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் செய்து, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்துப் பூசுகிறேன். குழாய் மேல் உருட்டாலையிலிருந்தே ஒட்டிவரும் கருஞ்செதிலும் பிளாஸ்டிங்கில் போய்விடும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறுங்கையால் தொடக் கூடாது, மறுநாளைக்கு வைக்கவும் கூடாது. செலவு குறைகிறதென்று ஆற்று மணலால் அடித்துத் தரும் இடங்களுக்குப் போகாதீர்கள். அந்தத் தூசி அடிப்பவரின் நுரையீரலைத் தின்றுவிடும்.

இனி, பூசக் கூடாத இடங்கள். பவுடர் படலத்தின் தடிமன் 60 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும். பாகங்களைப் போல்ட் போட்டு மாட்டச் சட்டத்தில் வெல்டிங் வைத்திருக்கும், அளவாகத் துளையிட்ட காதுத் தகட்டில் இருபுறமும் அது சேர்ந்தால் போல்ட் ஏறாது. உடனே டிரில் எடுத்துத் துளையைப் பெரிதாக்குவார்கள். அங்கே பூச்சில்லாத வெறும் இரும்பு தெரியும், வேலையும் வீண். போல்ட்டின் தலை உட்காரும் முகத்திலும் பூச்சு இருக்கக் கூடாது. இறுக்கத்தில் பூச்சு நசுங்கிப் படிப்படியாக மெலியும். முதல் நாள் முறுக்கிய போல்ட் நாலு மேடு தாண்டியதும் தளர்ந்துவிடும். மரைகள், புஷ் குழாய்கள், எர்த் இணைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் சிலிக்கான் அடைப்பானும் சூடு தாங்கும் டேப்பும் வேண்டும். அவசர நிறுத்த சுவிட்ச்சுக்குச் சட்டத்தின் வழியே எர்த் எடுத்திருந்தால், அந்த இடத்தில் பூச்சு இருப்பது அழகுப் பிரச்சினை மட்டுமாக முடியாது. சுவிட்சைத் தட்டினாலும் எஞ்சின் நிற்காது. எங்கெல்லாம் மறைக்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? சட்டத்தில் சாக்பீஸால் குறித்து, கூடவே ஒரு தாளிலும் எழுதித் தாருங்கள். கொக்கி மாட்டும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். அங்கே பவுடர் பிடிக்காது. எங்கள் அடுப்பின் வாயை முதலிலேயே வந்து அளந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

ஒரு வியாபாரி சொல்லக் கூடாததையும் சொல்கிறேன். சட்டத்தில் இன்னும் ஒரு காதையாவது வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் என்னிடம் வராதீர்கள். எல்லாப் பாகங்களையும் வெறும் சட்டத்தில் பூட்டி, மண்ணில் ஓட்டிப் பார்த்து, வெல்டிங்கைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கழற்றிக் கொண்டுவாருங்கள். பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் புகை நச்சு, இணைப்பும் கெடும். உரித்தெடுக்கத் தனிச் செலவு. அதுவரைக்கும் ஒரு டின் சாதாரணப் பெயின்ட் போதும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் கறுப்புக் கேட்கிறார்கள், படத்தில் எடுப்பாக இருக்குமாம். விரிசல் விட்டால் கறுப்பில் எதுவும் தெரியாது. இளஞ்சாம்பலில் மெல்லிய துருக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பட்டறைக்கு இரண்டும் ஒரே விலைதான்.

கல்லூரிகளில் இந்த வேலையை மேற்பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டிக்கு எத்தனை நாள் இருந்தாலும், அட்டவணையில் ஒரு முழு வாரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். மாணவர்களையும் கூடவே அனுப்புங்கள். பிளாஸ்டிங்கின்போது நின்று பார்க்கட்டும். சட்டம் வெட்டிய அதே குழாயில் மிஞ்சிய துண்டு ஒன்றையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். சட்டத்தோடு சேர்த்து அதற்கும் பூசித் தருகிறேன், காசு வேண்டாம். பிளேடால் அதில் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்க்கட்டும். பெயர்ந்து வந்தால் சட்டத்தை நானே உரித்து மறுபடி பூசித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.