வென்ற கட்சியின் உட்கட்சித் தேர்தல் விவரங்களை வாக்காளர் பார்வைக்கு வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சட்டமன்றத் தொகுதி வாக்காளர்கள்
(பெயர், முகவரி, வாக்காளர் அடையாள அட்டை எண், கையொப்பம் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
இந்தியத் தேர்தல் ஆணையம்,
நிர்வாசன் சதன், அசோகா சாலை,
புது தில்லி – 110 001.

வழி: மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள்

பொருள்: அரசியல் கட்சிகளின் உட்கட்சித் தேர்தல் – பதவியில் இருக்கும் நிர்வாகிகள் எப்போது, யாரால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்ற விவரத்தை வெளியிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கடந்த சட்டமன்றத் தேர்தலில் வெற்றி பெற்ற கட்சிக்கு வாக்களித்தவர்கள் நாங்கள். கட்சிக்காரர்கள் இல்லை, எங்களில் யாரிடமும் உறுப்பினர் அட்டை கிடையாது. தோற்றுப்போன ஆத்திரத்தில் இந்த மனுவை எழுதவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டவர்தான் ஜெயித்தார். ஜெயித்த பிறகு நடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறோம். கட்சியின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. நாங்கள் கேட்பது எல்லாக் கட்சிகளுக்கும் பொருந்தும் என்பதால், ஒரு கட்சியின் மீதான புகாராக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

பிரச்சாரம் நடந்த நாட்களில் தெருத்தெருவாக எங்களிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான். இத்தனை காலம் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், புதியவர்கள் வருவார்கள், உங்கள் ஊர்க் காரியத்தை உங்களில் ஒருவர் பார்ப்பார் என்றார்கள். வேட்பாளரும் முதல்முறை நிற்பவர், படித்தவர், யாரிடமும் பணிவாகப் பேசுபவர். கட்சிக்கென்று ஓட்டுப் போட்டு வந்த வீடுகளிலும் இந்த முறை ஆளைப் பார்த்துப் போட்டார்கள். எதிர்க்கட்சிக்குப் பழகிய கைகள்கூட மாறிப் போட்டன.

தேர்தல் முடிந்து, பாதியில் நின்றுபோன மழைநீர் வடிகால் வேலைக்காகச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனோம். மனுவை அவரே கையில் வாங்கினார். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்றுகூட விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "மாவட்டத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவர் சொன்னது கட்சியின் மாவட்டச் செயலாளரை. பக்கத்தில் இருந்த உதவியாளர் எங்கள் மனுவின் ஓரத்தில் பென்சிலால் அந்தச் செயலாளரின் பெயரை எழுதி, மேசையில் தனியாக இருந்த ஒரு ஃபைலில் சேர்த்தார். அந்த ஃபைல் ஏற்கெனவே கனமாக இருந்தது.

ஐயா, எங்கள் வருத்தம் முழுவதும் அந்தப் பென்சில் எழுத்தில் இருக்கிறது. அந்த மாவட்டச் செயலாளரின் பெயர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இல்லை. அவர் வேட்புமனு தாக்கல் செய்யவில்லை, பிரமாணப் பத்திரம் கொடுக்கவில்லை, எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டும் வரவில்லை. ஆனால் எங்கள் தொகுதியில் எந்த வேலை நடக்கும், யாருடைய மனு மேலே போகும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். கட்சி ஆட்சியில் இல்லாதபோதும் அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். இப்போதும் அவர்தான் இருக்கிறார்.

வாக்குச்சாவடி முகவர்களாக உட்கார்ந்த பிள்ளைகளையும் பார்க்கிறோம். விடிவதற்கு முன்பே வந்து, மாதிரி வாக்குப்பதிவில் தொடங்கி இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்வரை இடத்தைவிட்டு நகராமல் இருந்தவர்கள் அவர்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் பலர் ஓட்டுப் போட வந்தார்கள். வெற்றிக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் அந்தப் பிள்ளைகள் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் பழைய வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மூத்தவர்கள் என்பதாலேயே யாரும் விலக வேண்டும் என்பது எங்கள் எண்ணம் இல்லை. கட்சிக்காகப் போராட்டங்களில் சிறை சென்றவர்களும் கைக்காசைச் செலவழித்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். நிர்வாகம் தெரிந்தவர்கள் வேண்டும்தான். யாரை அமைச்சராக்க வேண்டும் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. 2003-ஆம் ஆண்டு 91-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, அமைச்சரவை பேரவையின் மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 234 பேர் கொண்ட பேரவையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். அந்த இடங்களுக்கு யார் என்பது முதலமைச்சரின் உரிமை. நாங்கள் கேட்பது வேறு. அமைச்சராகவோ உறுப்பினராகவோ இல்லாமல், கட்சிப் பதவியை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் உறுப்பினரை நடத்துகிறவரை அந்தப் பதவியில் உட்கார வைத்தது யார்?

உறுப்பினரே எதிர்த்துப் பேசலாமே என்று கேட்கலாம். அவரால் முடியாது. பேரவையில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணையின்படி பதவியே போய்விடும். அந்தச் சட்டத்தின் தேவை எங்களுக்குப் புரிகிறது. விலைபோகிறவர்களைத் தடுக்க வந்தது அது. ஆனால் அதனால் உறுப்பினர் கட்சித் தலைமைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றால், அந்தத் தலைமை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாக்காளருக்கு இருந்தாக வேண்டும். அடுத்த தேர்தலில் டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்பதும் அதே கையில்தான் இருக்கிறது. எங்களுக்கோ ஐந்து ஆண்டுகள் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை நம் நாட்டில் வாக்காளருக்குத் தரப்படவில்லை.

இனி ஆணையத்தின் கையில் இருப்பதைப் பற்றி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 29ஏ பிரிவின்கீழ்தான் கட்சிகள் தங்களிடம் பதிவு பெறுகின்றன. ஜனநாயகக் கொள்கைக்கு உண்மையாக இருப்போம் என்று ஒவ்வொரு கட்சியும் தன் விதிமுறையிலேயே எழுதித் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நிர்வாகிகள் மாறினால் தாமதமின்றி ஆணையத்துக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. உட்கட்சித் தேர்தல் எந்தெந்த மட்டத்தில், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை நடக்கும் என்பது விதிமுறையில் இருக்க வேண்டும் என்று ஆணையத்தின் பதிவு வழிகாட்டுதல்களும் கேட்கின்றன. ஆக, இந்தத் தகவல்களைக் கேட்கும் இடமாக ஆணையம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி நாங்கள் மனுக் கொடுக்கவில்லை.

இதற்கு முன்பு ஆணையம் பேசாமலும் இருந்ததில்லை. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தன் தலைவரை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தி வந்தபோது, நிரந்தரப் பதவி என்பதே ஜனநாயகத்துக்கு விரோதமானது என்று 2022 செப்டம்பரில் ஆணையம் சொன்னது. சிவசேனா பிளவு வழக்கில் 2023 பிப்ரவரியில் தந்த உத்தரவில் அந்தக் கட்சியின் 2018-ஆம் ஆண்டு விதிமுறையைக் கண்டித்ததோடு, கட்சிகள் தங்கள் விதிமுறையையும் நிர்வாகிகள் பட்டியலையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அறிவுரையும் கூறியது. அந்த உத்தரவு பற்றிய செய்தியைப் படித்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. அறிவுரை அறிவுரையாகவே நின்றுவிட்டதுதான் எங்கள் வேதனை.

2025 ஆகஸ்டில் 334 கட்சிகளைப் பதிவுப் பட்டியலிலிருந்து ஆணையம் நீக்கியது. 2019 முதல் ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூடப் போட்டியிடாத, அங்கீகாரம் பெறாத கட்சிகள் அவை. சரியான நடவடிக்கை. பெயருக்கு இருக்கும் சின்னக் கட்சிகளின் தாள்களை இவ்வளவு கவனமாகச் சரிபார்க்க முடிகிற ஆணையத்தால், ஆட்சியில் இருக்கும் பெரிய கட்சியிடம் "உங்கள் மாவட்டச் செயலாளர் தேர்தல் எப்போது நடந்தது, வாக்களித்தவர்கள் எத்தனை பேர்" என்று கேட்க முடியாதா?

விதி மீறியதற்காகக் கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் மிகச் சில சூழல்களைத் தவிர ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்புச் சொல்லியிருப்பது எங்களுக்குத் தெரியும். உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டத்தில் தனி அத்தியாயமே வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இல் தந்த 170-ஆவது அறிக்கை பரிந்துரைத்தும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை என்பதும் தெரியும். அதனால்தான் ரத்து செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளியிடுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

இன்றைக்கு ஒரு வேட்பாளரின் சொத்து, கடன், படிப்பு, அவர்மீதுள்ள வழக்குகள் அனைத்தையும் வேட்புமனுவோடு அவர் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் எங்களால் படிக்க முடிகிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கட்சிக்கு நன்கொடை கொடுத்தவரின் பெயரை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்க முடிகிறது. கட்சிகளின் விதிமுறைப் புத்தகங்களும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் எங்கள் மாவட்டச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதை எங்கேயும் பார்க்க முடியவில்லை. உட்கட்சித் தேர்தல் நடந்ததாகப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வரும். எல்லாப் பதவிகளுக்கும் போட்டியின்றித் தேர்வு என்று முடிந்துவிடும். வேட்புமனு வாங்க எத்தனை நாள் கொடுத்தார்கள், வேறு யாராவது மனு கொடுத்தார்களா, கொடுத்தவரைத் திரும்பப் பெற வைத்தார்களா என்பதெல்லாம் கிளைச் செயலாளர்களுக்கே தெரிவதில்லை. கட்சியிடமே கேட்டுப் பெறலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது. ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3 அன்று சொல்லியும் அவை அதன்படி நடக்கவில்லை. மாநிலக் கட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, மாநில ஆட்சியில் இருக்கும் கட்சியில் தொடங்கி அங்கீகரிக்கப்பட்ட எல்லாக் கட்சிகளிடமும், கிளை முதல் மாநிலத் தலைமை வரை கடைசியாக உட்கட்சித் தேர்தல் நடந்த நாள், வாக்குரிமை பெற்றிருந்த உறுப்பினர் எண்ணிக்கை, வேட்புமனு கொடுத்தவர்கள் எத்தனை பேர், பதிவான வாக்குகள் எத்தனை ஆகிய விவரங்களைக் கேட்டுப் பெற்று, நன்கொடை அறிக்கைகளை வெளியிடுவது போலவே தங்கள் இணையதளத்தில் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டுகிறோம். மாநில மொழியிலும் அது இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் போட்டால், எங்களில் பாதிப் பேர் இன்னொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். கட்சி தராவிட்டால் "தகவல் தரப்படவில்லை" என்று அந்த இடத்தில் போட்டாலே போதும். அதைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

அப்புறம் இன்னொன்று. குற்ற வழக்கு உள்ளவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தால் அதற்கான காரணத்தைக் கட்சி வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு என்பது மட்டுமே காரணம் ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 13 அன்று உத்தரவிட்டது. பக்கத்துத் தொகுதி வேட்பாளருக்கு இதே கட்சி தந்த காரணத்தைப் படித்தோம். நீண்ட காலமாகக் கட்சிப் பணி ஆற்றுபவர், மக்கள் செல்வாக்கு உள்ளவர் என்று இருந்தது. வேறு தொகுதிகளிலும் வார்த்தை மாறாமல் அதே வரி. இப்படி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதித் தருவதை ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த மனு தங்களுக்குக் கிடைத்த விவரத்தையும், அதன்மீது எடுக்கப்படும் முடிவையும் எழுத்துமூலம் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்க முடியாது என்றால், எந்தச் சட்டப் பிரிவு தடுக்கிறது என்பதைக் குறிப்பிட்டுத் தெரிவித்தால், அதைத் திருத்தக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுப்போம். வடிகால் தொடர்பாக நாங்கள் கொடுத்த மனுவின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாக்காளர்கள்

நகல்: மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்களுக்கு, தகவலுக்காக.