நோரென் தொங்கினால் உள்ளே போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். கோயில்களைப் பற்றியும் ரயில்களைப் பற்றியும் எழுதியது அருமை. ஆனால் சாப்பாட்டைப் பற்றிய பத்தி மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கே எல்லாம் பச்சை மீன்தான், நம் வாய்க்கு ஒன்றும் ஒத்துவராது, புளிக்காய்ச்சலைக் கையோடு கொண்டுபோங்கள் என்று சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்பியவர் அப்படி நினைத்தது அவர் குற்றமில்லை. பெரிய ஸ்டேஷன்களைச் சுற்றியே சாப்பிட்டிருப்பார். நான் பதினோரு வருஷமாக டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். எங்கள் தெருச் சாப்பாட்டுக்கடைக்காகப் பேச வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நிஷிகசாய் உங்கள் வாசகர்கள் சிலருக்குத் தெரிந்த பெயராக இருக்கும். 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி. துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கிவிடலாம். அதனாலேயே முதல் இரண்டு வருஷம் வீட்டுக்கு நாலு நிமிஷ நடையில் இருந்த ஜப்பானியக் கடைக்குள் நான் கால் வைக்கவில்லை. வாசலில் நீலத் துணி தொங்கும். அதுதான் நோரென். அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று துணி காட்டாது. அந்தத் தயக்கத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

கீழே கடை, மாடியில் வீடு. சமையல் மேடையை ஒட்டி ஏழு இருக்கைகள், சுவரோரம் இரண்டு மேசைகள். எழுபதைத் தாண்டிய கணவர் சமைக்கிறார். அவரை எல்லோரும் 'தைஷோ' என்பார்கள். பரிமாறுவது, கணக்குப் பார்ப்பது, வாடிக்கையாளரின் பிள்ளைகள் பரீட்சையை விசாரிப்பது எல்லாம் மனைவி. அவர் 'ஒகாமிசான்'. உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும், குளிர்காலத்தில் சூடாக, வெயில்காலத்தில் ஜில்லென்று.

சாப்பாடு 'தெய்ஷோகு', அதாவது ஒரே தட்டில் முழுச் சாப்பாடு. சோறு, மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த சூப், ஒரு முக்கியப் பதார்த்தம், சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒரு காய், ஊறுகாய். நான் அடிக்கடி கேட்பது உப்புப் போட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி. தோல் மேலே கறுத்து மொறுமொறுவென்று இருக்கும், குச்சியால் கீறினால் உள்ளிருந்து எண்ணெய் கசியும். பக்கத்தில் துருவிய முள்ளங்கி ஒரு குவியல், அதன்மேல் இரண்டு சொட்டு சோயா சாஸ். அந்த மீனையும் முள்ளங்கியையும் சுடுசோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டவர் யாரும் வாய்க்கு ஒத்துவரவில்லை என்று சொல்லமாட்டார்கள். பச்சை மீன் அந்தக் கடையில் வாரத்தில் ஒருநாள்தான் உண்டு.

சைவக்காரர்கள் விஷயத்தில் கட்டுரையாளர் எச்சரித்தது நியாயம். இங்கே காய்கறி என்று நம்பி வாங்கும் கிண்ணத்திலும் பெரும்பாலும் மீன் இருக்கும். 'தாஷி' என்கிற அடிப்படைச் சாறுதான் காரணம். சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டையாகக் காயவைத்து, பூப்பூவாகச் சீவிப் போடுவார்கள். நம் தெற்குக் கடற்கரையில் மாசிக் கருவாடு என்கிறோமே, அதற்கு உறவு. அதோடு 'கொம்பு' என்கிற கடற்பாசி. இந்தக் கடற்பாசியின் ருசியை ஆராய்ந்துதான் 1908-இல் கிகுனே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் 'உமாமி' என்று பெயர் வைத்தார்.

போன வருஷம் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். அம்மா சுத்த சைவம். முந்தின நாளே கடைக்குப் போய் ஒகாமிசானிடம் சொன்னேன். அவர் ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு, முட்டை ஆகுமா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இங்கே புத்த மடங்களின் சமையலிலும் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அதனால் அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. மறுநாள் கொம்பையும் காய்ந்த ஷீதாகே காளானையும் ஊறவைத்துத் தனியாகச் சாறு எடுத்து, எங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் சமைத்திருந்தார் தைஷோ. கத்தரிக்காயைச் சுட்டு மிசோ தடவியது, சோயாப்பாலில் செய்த தோஃபு, இஞ்சி போட்ட பூசணி. அம்மா சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ஊறுகாய் நன்றாக இருக்கிறதென்று அம்மா கையைக் காட்டியதும் ஒகாமிசான் உள்ளே போய் ஒரு மூடிபோட்ட தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஈரத் தவிடு. உப்புப் போட்ட அந்தத் தவிட்டுக்குள் வெள்ளரியையும் கத்தரியையும் புதைத்து வைத்து எடுப்பார்கள். தினமும் கையைவிட்டு அடிவரை புரட்ட வேண்டும், விட்டால் கெட்டுப்போகும். அவருடைய மாமியார் காலத்துத் தவிடு அது, புதுத் தவிடு சேர்த்துச் சேர்த்து இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்குக் கலக்கிவெச்ச தவிடு மாதிரியே புளிச்ச வாசனை வருது பாரு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஒகாமிசான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த மாதிரிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. கடையை மூடுவதை இங்கே 'நோரெனை இறக்குவது' என்பார்கள். நான் வந்த பிறகு எங்கள் தெருவிலேயே மூன்று நோரென்கள் இறங்கிவிட்டன. கூட்டம் குறைந்து அல்ல, எடுத்து நடத்த ஆள் இல்லாமல். இந்தக் கடையின் மகளும் ஆபீஸ் வேலைதான் பார்க்கிறார், சனிக்கிழமை மட்டும் உதவிக்கு வருவார். அதற்குமேல் அரிசி விலை. 2025 வசந்தத்தில் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டியது, முந்தின வருஷத்தைப்போல இரண்டு மடங்கு. தட்டுக்கு எண்பது யென் கூட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுத் தூரிகையால் எழுதி வாசலில் ஒட்டியிருந்தார்கள். வாசிக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

2013-இல் ஜப்பானியச் சமையல் மரபை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபு தினமும் நடப்பது இந்தத் தைஷோக்களின் அடுப்பில்தான். ஆகவே அடுத்த பயணக் கட்டுரையில் இதையும் தயவுசெய்து சேருங்கள்: தங்குமிடத்தின் பக்கத்துத் தெருவில் நோரென் தொங்கினால் துணியை விலக்கி உள்ளே போகலாம். ஆபீஸ்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மணிக்கு மேல் போனால் அவர்களும் நிதானமாகப் பேசுவார்கள். சைவம் என்றால் முந்தின நாளே சொல்லிவையுங்கள், கூட்ட நேரத்தில் கேட்காதீர்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. டிப்ஸ் வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை ஓடிவந்து தருவார்கள். எழுந்திருக்கும்போது 'கொச்சிசோசாமா' என்று சொல்லுங்கள். நமக்காக ஓடியாடி விருந்து படைத்தவருக்குச் சொல்லும் நன்றி அது. சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் தைஷோவின் காதிலும் விழுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி
நிஷிகசாய், டோக்கியோ