சுந்தரத்துக்கு, அந்த அணைப் படம் பற்றி

கும்பகோணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. தங்கச்சி சொல்வதைக் கேள், அவசரப்பட்டுக் கைத்தடியை மூலையில் போட்டுவிடாதே. எனக்கும் வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாள் ஆகிறது. சொட்டு மருந்து நாலு வேளையிலிருந்து இரண்டு வேளையாகக் குறைந்திருக்கிறது. அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம்.

கண் தெளிந்ததும் முதலில் பார்த்த படம் என்ன தெரியுமா? 'தி டேம் பஸ்டர்ஸ்'. பேரன் தேடி எடுத்து டிவியில் போட்டுக் கொடுத்தான். திருச்சியில் நாம் படிக்கும்போது ஹாஸ்டல் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்களே, அதே படம். அணை உடைந்ததும் நீ எழுந்து நின்று கை தட்டினாய். உன் பக்கத்தில் நின்று நானும் தட்டினேன்.

1955-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். நீ வேலை பார்த்த பவானிசாகர் அணை கட்டி முடித்ததும் அதே வருஷம்தான், இல்லையா? கதை உனக்கு ஞாபகம் இருக்கும். 1943 மே 16 ராத்திரி பிரிட்டிஷ் விமானப் படையின் 617-ஆவது ஸ்குவாட்ரன், 19 லங்காஸ்டர் விமானங்களில் 133 பேர், ஜெர்மனியின் மோனே, ஏடர், சோர்ப்பே அணைகளை உடைக்கக் கிளம்பினார்கள். தலைமை தாங்கிய கய் கிப்சனுக்கு அப்போது 24 வயதுதான். நாம் அந்த வயதில் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தோம்.

இந்த முறையும் என்னை முதலில் பிடித்து இழுத்தது, குண்டை வடிவமைத்த பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ்தான். அவருடைய யோசனை எத்தனை எளிமை பார். குண்டு கல்சுவரை ஒட்டி, தண்ணீருக்கு அடியில் வெடித்தால், தண்ணீரே வெடியின் வேகத்தை வெளியே சிதற விடாமல் சுவர் மேல் திருப்பும். ஆனால் டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து வரும் குண்டு, வந்துவிடாதபடி அணைக்கு முன்னால் வலை கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்ட வேண்டுமே? குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகும் அல்லவா, குண்டையும் அப்படியே அனுப்பினார். நாலு டன்னுக்கு மேல் எடை. விழுவதற்கு முன்பே அதை நிமிஷத்துக்கு 500 சுற்று பின்பக்கமாகச் சுழல விட்டார்கள். அந்தச் சுழற்சியால் சுவரில் முட்டியதும் எகிறிப் போகாமல் சுவரை ஒட்டியே கீழே இறங்கும். படத்தில் காட்டும் குண்டின் உருவம் நிஜமல்ல. அது 1955-இலும் ராணுவ ரகசியமாக இருந்ததால் வேறு மாதிரி செய்து காட்டியிருக்கிறார்கள். உண்மைக் குண்டு டிரம் மாதிரி உருளையாக இருந்தது.

குண்டைச் சரியாக 60 அடி உயரத்தில் போட வேண்டும். அதுவும் ராத்திரியில், தண்ணீருக்கு மேலே. விமானத்தின் அடியில் இரண்டு விளக்கு பொருத்தி, இரண்டு வெளிச்சமும் தண்ணீரில் ஒன்று சேரும்படி சாய்த்து வைத்தார்கள். சேர்ந்தால் 60 அடி. கிப்சன் நாடகக் கொட்டகையில் விளக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடித்ததாகப் படத்தில் வரும். அது சினிமாவுக்காகச் சேர்த்தது. யோசனை வந்தது விமான உற்பத்தி அமைச்சகத்தின் விஞ்ஞானி ஒருவரிடமிருந்து.

தூரத்தை அளந்த விதம்தான் எனக்கு உயிர். கவட்டை மாதிரி ஒரு கட்டை. அடிப்பக்கம் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஆணி. மோனே அணையின் மேல் இரண்டு கோபுரங்கள் உண்டு. இரண்டு ஆணியும் இரண்டு கோபுரத்தையும் மறைக்கும் அந்த நொடியில் குண்டை விட வேண்டும். வடிவொத்த முக்கோணம், வேறொன்றும் இல்லை! பள்ளியில் அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஆசாரியிடம் சொல்லிச் செய்த அதே மாதிரிக் கட்டையை எடுத்துப் போவேன். பிள்ளைகள் மைதானத்தின் கோல்போஸ்ட் கம்பங்களை ஆணிகள் மறைக்கும் வரை பின்னால் நடப்பார்கள். நின்ற இடத்திலிருந்து டேப் பிடித்து அளந்தால் நாம் போட்ட கணக்குக்கு ஒரு சாண் முன்னே பின்னே இருக்கும். அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கட்டை இன்னும் பரண் மேல் இருக்கிறது. கண்ணுக்கு வைக்கிற துளை மட்டும் பிள்ளைகள் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாகிவிட்டது.

இருபத்தெட்டு வருஷம், சுந்தரம். ஒவ்வொரு வருஷமும் அந்த அணையைச் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். அணைக்குக் கீழே என்ன ஆனது என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

இந்த முறை படம் முடிந்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. கடைசிப் பத்து நிமிஷத்தை அன்று நாம் சரியாகவே பார்க்கவில்லை. கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம் என்று நினைக்கிறேன். வெற்றி என்று செய்தி வந்த பிறகு படம் அப்படியே அடங்கிப்போகிறது. திரும்பி வராதவர்களின் காலி நாற்காலி, காலி அறை. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், 3 பேர் பிடிபட்டார்கள். 56 பேர் என்று கேட்டு வாலிஸ் உடைந்துபோகிறார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் தொடங்கியே இருக்க மாட்டேன் என்கிறார். கிப்சன் அவரைத் தேற்றுகிறார். நீங்கள் தூங்கப் போகவில்லையா என்று கேட்டால், கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போகிறார். யாருக்கு எழுதும் கடிதம் என்று சொல்ல வேண்டுமா? அந்த கிப்சனும் அடுத்த வருஷம் செப்டம்பரில், 26 வயதில், விமானம் விழுந்து போய்விட்டார். போரில் ஜெயித்த நாடு எடுத்த படம் இப்படி முடிவது பெரிய விஷயம். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் படம் 56-இல் நின்றுவிடுகிறது. உடைந்த அணைகளிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் ஏறத்தாழ 1,600 பேர் செத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஜெர்மானியர்களே அல்ல. பிடித்துக் கொண்டுவந்து வேலை வாங்கப்பட்ட வெளிநாட்டார், போர்க் கைதிகள். மோனே அணைக்குக் கீழே நேஹைம் என்ற ஊரில் சோவியத் நாட்டுப் பெண்களை அடைத்து வைத்திருந்த முகாம் ஒன்று இருந்தது. நள்ளிரவு தாண்டி, தூக்கத்தில் இருந்த அந்தப் பெண்கள் மேல் தண்ணீர் வந்தது. ஹிட்லரின் ஆட்சி அவர்களைக் கொண்டுவந்து அடைத்தது, அவனோடு போரிட்டவர்களின் குண்டில் அவர்கள் போனார்கள். படத்தில் வெள்ளம் பாய்வதைக் காட்டுகிறார்கள். மனசில் நிற்கும்படி ஒரு முகம் இல்லை.

ஹிட்லரை நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அந்தப் பையன்களின் துணிச்சலைக் குறைத்துப் பேசவும் வாய் வராது. தன் குண்டைப் போட்டு முடித்த பிறகும், பின்னால் வந்த விமானங்களுக்குப் பக்கத்தில் பறந்து பீரங்கிச் சூட்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டவர் கிப்சன். ஆனால் மோனே அணையை அதே 1943 செப்டம்பருக்குள் திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். நேஹைமில் போன உயிரை யார் கட்டுவது? பின்னால் 1977-இல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு சேர்த்த நெறிமுறையில், மக்களுக்குப் பெரும் உயிர்ச்சேதம் வரும் என்றால் அணையைத் தாக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். எழுதியதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதை நீயும் பேப்பரில் படிக்கிறாய்.

சோர்ப்பே மட்டும் உடையவில்லை. உனக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அது மண் அணை. மற்ற இரண்டும் கல்கட்டு. இதை நீ அன்றே கேண்டீனில் பேப்பரில் படம் போட்டு விளக்கினாய்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பவானிசாகரில் ஒரு மழைக்காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக உபரி நீரைத் திறக்க வேண்டி வந்தது என்றும், ஷட்டரைத் தொடும் முன்னால் மைக் கட்டிய ஜீப்பைக் கரையோர ஊர்களுக்கு அனுப்பினீர்கள் என்றும் ஒருமுறை எழுதியிருந்தாய். கடைசி ஊரிலிருந்து தகவல் வரும் வரை உனக்குக் கை நடுங்கியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அன்று நானும் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் அந்த ராத்திரியை முழுசாக எழுது. ஜீப்பில் நீயும் போனாயா? கதவைத் திறந்து வெளியே வந்தவர்கள் என்ன கேட்டார்கள்?

தங்கச்சிக்கு என் அன்பு. தை பிறந்ததும் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம்.

உன்,
கணேசன்