மேல்மடை, கடைமடை தெரியாமல் மத்திய ஆசியாவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் மத்திய ஆசிய நாடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். நீல ஓடு பதித்த மூன்று பெரிய கட்டடங்கள் நிற்கும் படத்துக்குக் கீழே 'கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்' என்று அச்சாகியிருக்கிறது. அது உஸ்பெகிஸ்தானில் இருக்கும் சமர்கண்டின் ரெஜிஸ்தான் சதுக்கம். பிஷ்கெக் சோவியத் காலத்தில் ஃப்ரூன்ஸே என்ற பெயரோடு வளர்ந்த ஊர், அங்கே அகலமான தெருக்களும் மரங்களும் அடுக்குமாடிகளும்தான், நிமிர்ந்து பார்த்தால் தெற்கே பனிமலை. என் மகன் அங்கே மருத்துவம் படிக்கிறான் (நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள்), இரண்டு முறை போய் வந்திருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

படம் மாறியதைக் கைத்தவறு என்று விட்டுவிடலாம். ஆனால் கட்டுரையே அந்தப் படம் மாதிரிதான் இருக்கிறது. 'எண்ணெய் வளம் கொழிக்கும் ஐந்து துருக்கிய மொழி நாடுகள்' என்று ஒரே வரியில் ஐந்தையும் கட்டிவிட்டார் கட்டுரையாளர். தஜிக் மொழி துருக்கிய மொழியே இல்லை, பாரசீகத்தின் உடன்பிறப்பு. எண்ணெய் கஜகஸ்தானுக்கு உண்டு, உலக யுரேனிய உற்பத்தியில் சுமார் 40 சதவீதமும் அங்கிருந்துதான் வருகிறது. துர்க்மெனிஸ்தானுக்கு எரிவாயு. உஸ்பெகிஸ்தானிலும் எரிவாயு உண்டுதான், ஆனால் 2023 முதல் அவர்களே ரஷ்யாவிடம் வாங்குகிறார்கள். கிர்கிஸ்தானில் பேர் சொல்லும்படி இருப்பது கும்தோர் தங்கச் சுரங்கம். தஜிகிஸ்தானை எடுத்துக்கொண்டால், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணம் சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு நெருக்கமாக வந்திருக்கிறது. இதில் கொழிப்பது எங்கே?

நான் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரன். அதனால் எதைப் பார்த்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். அந்த ஐந்து நாடுகளையும் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கேள்வி இல்லை என்பது என் எண்ணம். கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் மேல்மடை. தியன்ஷான், பாமிர் மலைகளின் பனி உருகி சிர் தரியா, அமு தரியா என்று இரண்டு ஆறுகளாக இறங்குகிறது. உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கஜகஸ்தானின் தெற்குப் பகுதி எல்லாம் கீழே. மேலே தண்ணீர் இருக்கிறது, எரிபொருள் போதாது. கீழே எரிபொருள் இருக்கிறது, தண்ணீர் போதாது. மாஸ்கோவிலிருந்து ஆண்ட காலத்தில் இதற்கு ஒரு பண்டமாற்று இருந்தது. மேலே இருப்பவர்கள் அணையில் நீரைத் தேக்கி வைத்துக் கோடையில் பருத்திக்குத் திறந்துவிட வேண்டும், கீழே இருப்பவர்கள் அதற்குப் பதிலாகக் குளிர்காலத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் அனுப்ப வேண்டும். 1991-இல் ஐந்தும் தனித்தனி நாடானதும் கீழே இருப்பவர்கள் நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் சந்தை விலை கேட்டார்கள். தண்ணீருக்கு மட்டும் விலை கிடையாது என்றார்கள். சரி, கிர்கிஸ்தான் என்ன செய்யும்? குளிரில் மின்சாரம் வேண்டுமே என்று நரின் ஆற்றின் தோக்தோகுல் அணையைக் குளிர்காலத்தில் திறக்க ஆரம்பித்தது.

அந்த அணையின் கொள்ளளவு 1,950 கோடி கன மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 690 டி.எம்.சி., மேட்டூரைப் போல ஏழு மடங்கு! அத்தனை பெரிய அணையை வேண்டாத காலத்தில் திறந்தால், உறைந்து கிடக்கும் சிர் தரியாவில் தண்ணீர் ஓட இடமில்லாமல் அர்னசாய் பள்ளத்துக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. கோடையில் வயல் காய்ந்தது. கடைமடைக்காரனுக்கு இதைவிட வயிறு எரிகிற செய்தி வேறென்ன இருக்கும். ஆனால் ஜனவரியில் நான் பிஷ்கெக்கில் இருந்தேன். நகரத்தின் அனல்மின் நிலையமும் வீட்டு அடுப்புகளும் கக்கும் நிலக்கரிப் புகையில் மலையே தெரியவில்லை, மின்சாரத்தைப் பார்த்துச் செலவழியுங்கள் என்று மகன் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா எங்களை இரண்டு முறை அதட்டினார். அந்தக் குளிரில் நின்றபோது மேல்மடைக்காரர் பக்கமும் நியாயம் இருப்பது உறைத்தது.

இந்த இரண்டு ஆறுகளும் போய்ச் சேரும் ஏரல் கடலுக்கு உங்கள் கட்டுரையில் கிடைத்தது அரை வரி. 1960 வாக்கில் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது அது. இரண்டு ஆறுகளையும் பருத்திக்குத் திருப்பியதில் வற்றி, இன்று பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மொய்னாக் என்ற பழைய துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. வடக்குத் துண்டில் மட்டும் 2005-இல் கஜகஸ்தான் கொக்கரால் என்ற தடுப்பணையைக் கட்டி முடித்தது, நீர் ஏறியது, மீனும் மீனவர்களும் திரும்பினார்கள். தெற்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பண்பாடும் இந்தத் தண்ணீரை ஒட்டித்தான் பிரிகிறது. ஆற்றுப் பாசனம் இருந்த இடத்தில் சமர்கண்ட், புகாரா, கீவா என்று நகரங்கள், மதரசாக்கள், தந்தூரில் சுட்ட நான் ரொட்டி, அரிசியும் கேரட்டும் இறைச்சியும் போட்ட பிலாவ். புல்வெளியும் மலையும் இருந்த இடத்தில் கோடையில் மந்தையோடு ஏறிக் குளிருக்கு இறங்கும் வாழ்க்கை, யூர்ட் என்கிற கம்பளிக் கூடாரம், குதிரைப் பாலைப் புளிக்கவைத்த கிமிஸ் (ஒரு மடக்குக் குடித்தேன், போதும்), பெஷ்பர்மாக். பெஷ்பர்மாக் என்றால் ஐந்து விரல் என்று பொருள், கையால் அள்ளிச் சாப்பிட வேண்டிய கறிச் சாப்பாடு. நமக்கு அங்கே கரண்டி தேட வேண்டிய கூச்சம் இல்லை. ரொட்டியை மட்டும் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள், எந்த வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். அப்புறம் மார்ச் 21-இல் நவ்ரூஸ், அது ஐந்து நாடுகளிலும் உண்டு, இந்த ஒன்றில் கட்டுரையாளர் சொன்னது சரி.

சண்டை ஓய்ந்ததைக் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் பெரிய குறை. ஃபெர்கானா பள்ளத்தாக்கை மூன்று நாடுகள் பங்குபோட்டிருக்கின்றன. அங்கே சோக் என்ற ஊர்ப்பகுதி உஸ்பெகிஸ்தானுக்குச் சொந்தம், சுற்றிலும் கிர்கிஸ்தான், குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தஜிக்குகள்! 2021-லும் 2022-லும் கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் எல்லையில் சுட்டுக்கொண்டன, 2021 மோதல் தொடங்கியதே ஒரு நீர்ப் பங்கீட்டு மதகடியில். 2025 மார்ச்சில் இரண்டும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. மேலே தஜிகிஸ்தானில் ரோகுன் அணை கட்டினால் போர்கூட வரலாம் என்று 2012-இல் எச்சரித்தவர் உஸ்பெகிஸ்தான் அதிபர் கரீமோவ். அவர் 2016-இல் இறந்த பிறகு வந்த மிர்சியோயேவ், அண்டை நாடுகளோடு பேசத் தொடங்கினார். நரின் ஆற்றில் கம்பர்-அத்தா அணையை கிர்கிஸ்தானோடு சேர்ந்து கட்ட இப்போது கீழே இருக்கும் உஸ்பெகிஸ்தானும் கஜகஸ்தானும் முன்வந்திருக்கின்றன. கடைமடைக்காரன் மேல்மடையில் அணை கட்டப் பணம் போடுகிறான், இது சின்னச் செய்தியா?

இத்தோடு முடியவில்லை. ஆப்கானிஸ்தான் 2022 முதல் அமு தரியாவிலிருந்து 285 கிலோமீட்டர் நீளத்துக்கு கோஷ் தேபா கால்வாய் வெட்டுகிறது. ஐந்து நாடுகளும் 1992-இல் செய்துகொண்ட நீர் ஒப்பந்தத்தில் ஆப்கானிஸ்தான் சேரவில்லை, அவர்கள் எடுக்கும் தண்ணீருக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. அவர்கள் மண்ணிலும் வறட்சி இருக்கிறது, அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. இந்தக் கால்வாயைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் கட்டுரை வாங்கிப் போடுங்கள், வரைபடத்தோடு. அந்த இதழிலேயே சமர்கண்ட் படத்துக்குத் திருத்தமும் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பேராவூரணி வாசகர் ஒருவர்